பலகையில் 80, முள்ளில் 100: வாசகர் கேள்வி – பதில்

சாலை விபத்துகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான பக்கங்களைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை வேக வரம்பைப் பற்றியே இருந்தன. அவற்றிலிருந்து ஐந்து கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நான் 22 ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். வண்டியில் இதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. நான்கு வழிச்சாலையில் 80 என்று பலகை வைத்த இடத்தில் 80இல் போகிறவர் யாருமே இல்லை. நான் போனால், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தும் லைட் அடித்தும் ஒதுங்கச் சொல்கிறார்கள். எல்லோரும் போகிற வேகத்தில் போவதுதானே பாதுகாப்பு? — ஒரு வாசகர், திண்டுக்கல்

நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. ஒரே சாலையில் ஒரு வண்டி 50இலும் இன்னொரு வண்டி 110இலும் ஓடுவது ஆபத்துதான். ஆனால் அதற்கு வழி நாமும் 110க்கு ஏறுவது என்றாகிவிடாது. இடப்புறத் தடத்தில் 80இல் போங்கள். முந்தும்போது மட்டும் வலப்புறம் வந்து, முந்தியவுடன் திரும்பிவிடுங்கள். நம் சாலைகளில் பாரம் ஏற்றிய லாரிகள் வலப்புறத் தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போவதும், இடப்புறத்தில் மோட்டார் சைக்கிள்கள் எதிர்த்திசையில் வருவதும் எனக்குத் தெரியாமல் இல்லை. இடப்புறத் தடம் அப்படி இருக்கும்போது வேகத்தைக் கூட்டுவதற்கு அது எப்படிக் காரணமாகும் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

அந்த 22 ஆண்டுக் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கீறல் விழாததில் உங்கள் கைத்திறனுக்குப் பங்கு உண்டு. நீங்கள் வருவதைப் பார்த்து நின்றுகொண்டவர்களுக்கும் பின்வாங்கியவர்களுக்கும் அதே அளவு பங்கு உண்டு. அவர்கள் யாரும் உங்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

உளுந்தூர்பேட்டையைத் தாண்டி ஒரு கிராமத்துப் பிரிவில் டீ குடிக்க நிறுத்தியிருந்தபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். தலையில் புல்லுக்கட்டு வைத்திருந்த ஓர் அம்மா நடுத்திட்டில் நின்று, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, வரும் வண்டிகளைப் பார்த்தார். ஒரு கார் தொலைவில் வந்தது. அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதைத்தான் அவரால் மதிப்பிட முடிந்தது. எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை நேர் எதிரே நிற்கும் எவராலும் சரியாக மதிப்பிட முடியாது. தூரம் போதும் என்று நினைத்து இரண்டடி வைத்தவர், கார் நினைத்ததைவிடச் சீக்கிரம் நெருங்கிவிட்டதைக் கண்டு பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கட்டிலிருந்து ஒரு பிடி புல் சாலையில் விழுந்தது. அந்தக் கார் ஓட்டுநர் ஊருக்குப் போய், வழியில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

இனி ஒரு கணக்கு. 60இல் ஒரு காரும் 80இல் ஒரு காரும் பக்கத்துப் பக்கத்தில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு சிறுவன் ஓடுவதை இரு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். பார்த்ததற்கும் பிரேக்கை மிதிப்பதற்கும் இடையே இருவருக்கும் ஒரு விநாடி ஆகிறது. சாலை உலர்ந்திருக்கிறது, டயர்கள் நன்றாக இருக்கின்றன. 60இல் வந்த கார் ஏறக்குறைய 36 மீட்டரில் நின்றுவிடும். அது நின்ற அதே இடத்தைக் கடக்கும்போது 80இல் வந்த கார் இன்னும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். முதல் விநாடியில் அது 22 மீட்டரைக் கடந்துவிடுகிறது. மீதியுள்ள 14 மீட்டரில் பிரேக்கால் அதிகம் செய்ய முடியாது. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்ததை நாம் மறந்துவிட்டோம்.

வண்டிகளும் மாறிவிட்டன. அம்பாசடரில் 80ஐத் தொட்டால் கதவும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து அதிரும். அதுவே ஓர் எச்சரிக்கை. இன்றைய காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டால், 110 என்பது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. ஒரு மணி நேரம் அந்த வேகத்தில் வந்தவருக்கு, ஊருக்குள் நுழையும்போது 70 என்பது ஊர்வதாகத் தோன்றும். ஆகவே புறவழிச்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் இடங்களில் உடம்பின் உணர்வை நம்பாமல் முள்ளைப் பார்க்க வேண்டும்.

‘காருக்கு 100 வரை அனுமதி உண்டே’ என்று சிலர் வாதிடுவார்கள். 2018 ஏப்ரலில் மத்திய அரசு நடுத்திட்டுள்ள நான்கு வழிச்சாலைகளில் கார்களுக்கு அந்த உச்ச வரம்பை அறிவித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், விபத்துகளைக் காரணம் காட்டி, அந்த அறிவிக்கையை ரத்து செய்து தீர்ப்பளித்தது. இந்த வழக்காடல் ஒருபுறம் இருக்க, மாநில அரசு ஓர் இடத்துக்குக் குறைந்த வரம்பு வைத்துப் பலகை நாட்டியிருந்தால், அந்தப் பலகையில் உள்ள எண்ணே உங்களைக் கட்டுப்படுத்தும்.

புதிதாக வாங்கிய காரில் 80ஐத் தாண்டினால் ‘பீப்’ சத்தம் வருகிறது, எரிச்சலாக இருக்கிறது. நிறுத்தித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா? — ஒரு வாசகர், ஈரோடு

வேண்டாம். 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் இந்த எச்சரிக்கை ஒலி கட்டாயம். 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலிக்கும்படி விதித்திருக்கிறார்கள். சத்தத்தை நிறுத்துவதற்கு மெக்கானிக்கிடம் போகத் தேவையில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே எடுத்தால் போதும்.

எங்கள் தெருவில் பள்ளிக்கூடமும் கோயிலும் இருக்கின்றன. 30 கிலோமீட்டர்தான் வரம்பு என்கிறார்கள். ஆனால் ஸ்கூட்டரில் போகும் பெண்கள்கூட 40க்குக் குறைந்து போவதில்லை. நடக்க முடியாத ஒன்றை ஏன் விதியாக வைக்கிறார்கள்? — ஒரு வாசகி, சென்னை

சென்னையில் 2023 நவம்பர் 4 முதல் போக்குவரத்துக் காவல் துறை நடைமுறைப்படுத்திய வரம்புகள் இவை: கார் போன்ற இலகு ரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40; குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் முக்கியச் சாலைகளில் 40 என்ற வரம்பை வைத்துக் கேமராவால் அபராதம் விதிக்க முயன்றபோது, அகலமான சாலையில் இது எப்படிச் சாத்தியம் என்று மக்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். சாலையின் அமைப்புக்குப் பொருந்தாத எண்ணை எழுதி வைத்தால், பொருந்தும் எண்ணையும் மக்கள் மதிக்காமல் போவார்கள்.

ஆனால் உங்கள் தெருவின் 30 அப்படிப்பட்டதன்று. கார் மோதும் வேகம் 50இலிருந்து 65 ஆகும்போது, நடந்து செல்பவர் இறக்கும் அபாயம் நான்கரை மடங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 30க்குள் இருந்தால் அடிபட்டவர் பிழைப்பதற்கு மிகப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. அந்தத் தெருவின் நீளம் 400 மீட்டர் என்று கொண்டால், 30இல் கடக்க 48 விநாடிகளும் 40இல் கடக்க 36 விநாடிகளும் ஆகும். 12 விநாடிகள்தான் வேறுபாடு. பலகை மட்டும் போதாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தெருக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சியிடம் முறையான வேகத்தடை கேளுங்கள். வெள்ளைக் கோடு அழிந்து இரவில் கண்ணுக்குத் தெரியாத மேடாக அது போய்விடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடு கன்னோடு போலீஸ் நிற்பதைப் பார்த்தால், எதிரே வருகிறவர்களுக்கு அப்பா லைட் அடித்துக் காட்டுகிறார். அது உதவி என்கிறார். சரியா? — ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

அப்பாவின் எண்ணம் நல்லதுதான். முகம் தெரியாதவருக்கு 1,000 ரூபாய் மிச்சமாகட்டும் என்று நினைக்கிறார். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 வரை; நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. ஆனால் லைட்டைப் பார்த்தவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். போலீஸைத் தாண்டும் வரை 60இல் போகிறார். தாண்டியதும் விட்ட நேரத்தையும் சேர்த்துப் பிடிக்க மிதிக்கிறார். கேமரா இருக்கும் கம்பத்துக்கு நூறு மீட்டர் முன்னால் பிரேக் விளக்குகள் வரிசையாகச் சிவப்பதை அப்பாவும் பார்த்திருப்பார். ஓட்டுநர்கள் கேமராவுக்குத்தான் அடங்குகிறார்கள். வளைவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடங்கவில்லை. அந்தப் பழக்கத்துக்கு அப்பா துணைபோக வேண்டாம். மாடு குறுக்கே நிற்கும்போதும், முன்னால் விபத்து நடந்திருக்கும்போதும் தாராளமாக லைட் அடிக்கட்டும்.

இன்னொரு செய்தியையும் அவரிடம் சொல்லுங்கள். ஒரே ஒருவர் ‘வேகமாக வந்ததாக எனக்குத் தோன்றியது’ என்று சொல்வதை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்கக்கூடாது, கருவி காட்டிய அளவும் துணை இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு ஓட்டுநருக்குப் பாதுகாப்பு தந்திருக்கிறது. ஸ்பீடு கன்னுடன் நிற்கும் காவலர் அந்த நியாயத்துக்கும் உதவுகிறார்.

தினமும் தனியார் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பின்னால் அடுத்த பஸ் வந்துவிட்டால் டிரைவர் பறக்கிறார்; கேட்டால் ‘டைமிங்’ என்கிறார். ஆறு மாதமாக எனக்கு ஜன்னலோரம் உட்காரவே பயமாக இருக்கிறது. யாரைக் குற்றம் சொல்வது? — ஒரு வாசகி, பொள்ளாச்சி

உங்கள் பயம் நியாயமானது. ஒரு நிறுத்தத்தில் ஒரு நிமிடம் பிந்தினால், அங்கே நிற்கும் பயணிகளைப் பின்னால் வரும் பஸ் அள்ளிக்கொள்ளும். அன்றைய கலெக்‌ஷன் குறையும். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கிடைக்கும் பேட்டாவும் அதோடு குறையும். இப்படி வருமானத்தை வேகத்தோடு கட்டிவிட்டு, ஓட்டுநர் மட்டும் பொறுமையாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 71 பேரின் மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்திருக்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம். அதிவேகம் என்று எழுதிவிட்டால் கோப்பு முடிந்துவிடுகிறது. அந்த வேகத்தை ஓட்டுநர் மீது ஏற்றியவர் யார் என்பது அதில் வருவதில்லை.

சட்டம் அதையும் யோசித்திருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. முன்பு சொன்ன அதே 183ஆம் பிரிவு, தன்னிடம் வேலை செய்பவரை வரம்பை மீறி ஓட்டச் செய்யும் முதலாளிக்கும் தண்டனை விதிக்கிறது. இன்னும் மேலே போய், வரம்பை மீறாமல் முடிக்க முடியாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்கும்படி கால அட்டவணை போட்டிருந்தால், அந்த அட்டவணையே அவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நிலைச் சான்று ஆகும் என்கிறது. பயணிகள் பஸ் இப்போதுள்ள அரசு விதிகளின்படி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கொண்டிருக்க வேண்டும். அதன் உச்ச அளவு 80.

ஆகவே டிரைவரோடு சண்டை போடாதீர்கள். ஒரு வாரம், நீங்கள் ஏறும் நிறுத்தத்திலும் இறங்கும் நிறுத்தத்திலும் பஸ் வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். தூரம் உங்களுக்குத் தெரியும். நடுவில் எத்தனை நிறுத்தங்கள் என்பதும் தெரியும். அந்தத் தாளோடு பஸ்ஸின் எண்ணையும் எழுதி, கூட வரும் பயணிகள் நாலைந்து பேரிடம் கையெழுத்து வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அந்த வழித்தடத்துக்குத் தந்திருக்கும் நேரமே போதுமானதா என்று பார்க்கும்படி மனுவில் தனியாக ஒரு வரி சேருங்கள். பதில் என்ன வந்தது என்பதை எங்களுக்கும் எழுதுங்கள். இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.