டபுள் கெப்புக்கு ரொக் ஸ்லைடர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்டெப் பார் ஏற்கெனவே பூட்டியிருக்கிறது. அதுவே ஸ்லைடர் வேலையையும் செய்யாதா? (வெள்ளவத்தை)

செய்யாது. ஸ்டெப் பார் வெறும் மிதிபடி, அதில் ஆள் ஏறலாம். ரொக் ஸ்லைடர் என்பது கதவுகளுக்குக் கீழே, வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் பூட்டும் தடித்த குழாய். அதில் வண்டியே ஏறி உட்காரும். டபுள் கெப் ஒன்று வெறுமனே நிற்கும்போதே 2 தொன்னுக்குக் கிட்ட வரும். மீமுறை மலைப்பாதையில் ஒரு கல்லில் வழுக்கி இறங்கினால், அதில் பெரும்பங்கு ஒரு பக்கத்துக் குழாயின் மேல் வந்து விழும். மெல்லிய ஸ்டெப் பார் அப்போது மேல்நோக்கி மடங்கி, கதவுக்குக் கீழே உள்ள சில் பெனலை நெளித்துவிடும், பிறகு கதவும் திறக்காது. ஸ்லைடர் குழாயின் சுவர் 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது, சேஸியில் உட்காரும் தகடு 5, 6 மி.மீ. இருக்கவேண்டும்.

ஹைலக்ஸுக்கு ஒரு சோடி எவ்வளவு முடியும்? (மட்டக்குளி)

எந்த ஹைலக்ஸ்? 2015க்கு முந்திய விகோவா, பிந்திய ரெவோவா? சிங்கிள் கெப்பா, டபுள் கெப்பா? மாடல், ஆண்டு, கெப் வகை மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனை தடவை கேட்பது? ஒன்றுக்குச் செய்த பிராக்கெட் மற்றதன் சேஸித் துளைக்கு நேராக வராது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் யாராவது “எல்லாத்துக்கும் போகும்” என்றால் காசை வெளியே எடுக்காதீர்கள். விலை கேட்கும் முன் நிறையைக் கேளுங்கள். நல்ல இரும்புச் சோடி 50 கிலோவுக்குக் கிட்ட வரும். 25 கிலோ என்றால் அது ஸ்டெப் பார்தான்.

போல்ட் கழன்றுவிடும், சேஸியோடு சேர்த்து வெல்ட் பண்ணினால்தான் உறுதி என்று கராஜில் பாஸ் சொல்கிறார். செய்யலாமா? (கொட்டாஞ்சேனை)

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

வெல்ட் பண்ணிய ஸ்லைடர் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் சேஸி இரும்பையும் வெல்டிங்கையும் கரைத்துக் குடித்தவர்கள் செய்யும் வேலை அது. நம் ஊரில் கேற்றுக்கும் கிறிலுக்கும் அடிக்கிற அதே கம்பியை எடுத்துக்கொண்டு, பற்றரி வயரைக்கூடக் கழற்றாமல், சேஸியில் அடிக்கிறார்கள். வண்டியின் கணினி எரிந்தால் யார் பொறுப்பு? சேஸியை ஒட்டித்தான் பிரேக் குழாய், டீசல் குழாய், வயர் கட்டு எல்லாம் ஓடுகின்றன.

இதெல்லாம் அன்றைக்கே தெரிகிற சேதம். பிறகு வருவது இன்னும் மோசம். சேஸித் தகடு மெல்லியது, அதன்மேல் ஒட்டும் தகடு தடித்தது. ஏணி வடிவில் இருக்கும் சேஸி ஓட்டத்தில் முறுகிக்கொண்டே இருக்கும். அந்த முறுக்கு முழுவதும் வெல்டின் ஓரத்தில் வந்து நிற்கும். அண்மையில் ஒரு தோட்டத்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வெல்ட் ஓரத்தில் மயிரிழை போல ஒரு செம்மண் கோடு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் சேஸிச் சுவரில் இரண்டு விரல் நீளத்துக்கு வெடிப்பு. உரிமையாளர் அதைச் சேறு என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அதோடு, வெல்ட் சூடு, உள்ளே வெறுமையாக இருக்கும் பெட்டிச் சேஸியின் உட்புறப் பூச்சையும் எரித்துவிடுகிறது. காலி வீதிப் பக்கம் உப்புக் காற்றில் நிற்கிற வண்டிக்கு அங்கிருந்துதான் துரு தொடங்கும், வெளியே தெரியாது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. வைத்திருக்கும் வண்டியின் அருமை அந்த ஐந்து வருடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். போல்ட் ஸ்லைடர் நெளிந்தால் கழற்றி எறியலாம். சேஸியைக் கழற்றி எறிய முடியுமா?

பாஸிடம் இதைச் சொல்லுங்கள். போல்ட் காரணமில்லாமல் கழல்வதில்லை. தகட்டுக்கு அடியில் தடித்த பெயின்ட் இருந்தால், அது நசுங்கி இறுக்கம் குறையும். பெட்டிச் சேஸியைத் துளைத்து ஊடாகப் போடும் போல்டுக்கு உள்ளே குழாய்த் துண்டு வைக்காவிட்டால், இறுக்க இறுக்கச் சேஸிச் சுவர் உள்ளே அமுங்கும். சாதாரண ஹாட்வெயார் போல்ட் நீண்டுவிடும். தகடு அமரும் இடத்தில் மெல்லிய பூச்சு மட்டும், உள்ளே குழாய்த் துண்டு, தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட், 100 கி.மீ. ஓடியதும் திரும்ப இறுக்குதல். இந்த நாலையும் செய்தால் வெல்டிங் பேச்சே வராது.

சேஸித் துளை இருக்கிறது, ஆனால் உள்ளே நட்டைப் பிடிக்கக் கை போகவில்லை. (தெஹிவளை வாசகி)

நல்ல கேள்வி. துளையைக் காஸ் கட்டரால் பெரிதாக்காமல் கேட்டீர்களே, அதற்கே நன்றி. நீளமான ஒரு தகட்டுத் துண்டின் நுனியில் நட்டை வெல்ட் பண்ணிக்கொள்ளுங்கள். வெல்டிங் இந்தத் துண்டில்தான், சேஸியில் இல்லை. பக்கத்தில் உள்ள பெரிய துளையால் அதை உள்ளே விட்டு, நட்டு போல்ட் துளைக்கு நேராக வரும்வரை நகர்த்துங்கள். தகட்டின் மறுநுனியில் மெல்லிய கட்டுக்கம்பி கட்டியிருக்கட்டும். கை தவறினால் தகடு சேஸிக்குள்ளேயே விழுந்து, வண்டி ஓடும் காலமெல்லாம் கிலுகிலுக்கும். எல்லா போல்டையும் விரலால் பிடிபடும் அளவுக்கு மட்டும் ஏற்றிவிட்டு, பிறகுதான் ஸ்பானரைத் தொடுங்கள்.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதும்தானே? (தெமட்டகொடை)

போதாது. நைலோன் வளையம் உள்ள நட்டு போடுங்கள், ஒவ்வொரு தடவையும் புதியது. சேஸிக்கு உள்ளே நிற்கும் நட்டு என்றால், போல்டின் மரையில் பூசும் நீல நிறப் பூட்டுப் பசை. 12 மி.மீ. 8.8 போல்டுக்கு 80 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் விளாசவேண்டாம். 100 கி.மீ.யில் திரும்பப் பாருங்கள்.

பூட்டிய பிறகு குழிகளில் “கறக் கறக்” என்று சத்தம். (வத்தளை)

ஸ்லைடர் பொடியில், அதாவது வண்டியின் மேற்கூட்டில், முட்டுகிறது. உங்கள் வண்டியின் பொடி ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், சேஸி ஒருபுறம் அசைய அது இன்னொருபுறம் அசையும். ஸ்லைடர் சேஸியில் மட்டும்தான் நிற்கவேண்டும். பொடிக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் தாராளமாக நுழையட்டும். அழகுக்காக ஒட்டிவைத்திருந்தால் இறக்கிப் பூட்டுங்கள். இடைவெளி சரியாக இருந்தும் சத்தம் வந்தால் போல்ட் இளகியிருக்கும். 100 கி.மீ.யில் இறுக்கினீர்களா?

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லதா? (பம்பலப்பிட்டி)

குழாய்க்கு நல்லது, சேஸிக்கு இல்லை. ஸ்டெயின்லெஸ் நேரடியாகச் சாதாரண இரும்பைத் தொட்டு, இடையில் உப்பு ஈரமும் இருந்தால், அரிக்கப்படுவது உங்கள் சேஸிதான். உருகிய நாகத்தில் தோய்த்து எடுக்கும் சூட்டு நாகப்பூச்சுப் போட்ட இரும்பே என் தெரிவு. பவுடர் கோட்டிங் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கல்லடியில் ஒரு பொட்டுப் பெயர்ந்தால் அதற்கு அடியால் துரு ஊரும். எதுவானாலும் கல்பிட்டி, மன்னார் என்று போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

ஸ்லைடரில் ஜாக் வைக்கலாமா? (கிராண்ட்பாஸ்)

வைக்கலாம், பிராக்கெட் கால் வரும் இடத்துக்குப் பக்கத்தில். உருண்டைக் குழாயில் ஈரத்தோடு ஹை-லிப்ட் ஜாக் வைத்தால் வழுக்கும், அதற்கான பிடிகொளுக்கி வாங்குங்கள். மற்றப் பக்கத்துச் சில்லுகளுக்குக் கல் அணை கொடுங்கள். ஜாக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.