ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற முதல் ஜார்ஜியர் க்வாரட்ஸ்கேலியாதானா?

இல்லை, அவர் இரண்டாவது ஆள். முதலாமவர் காகா கலாட்ஸே, இத்தாலியின் ஏசி மிலான் அணியில் ஆடிய டிஃபெண்டர். 2003-இல் ஒரு முறை வென்றார், 2007-இல் மறுபடியும்.

வினாடி வினாவுக்கு இது போதும். ஆனால் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. 2025 மே மாதம் இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் பிஎஸ்ஜி அணி இத்தாலியின் இன்டரை 5-0 என்று துவைத்து எடுத்ததே, அதில் ஒரு கோல் க்வாரட்ஸ்கேலியாவுடையது. அதன் பிறகு ஜார்ஜியா என்றாலே அவர் பெயர்தான். கோல் போடுகிறவனை ஊர் கொண்டாடுவது வழக்கம்தானே. நானோ ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஸ்டாப்பராக, அதாவது பின்வரிசை நடுவில் கோலைக் காக்க நிற்கிற ஆள். எனக்குக் கலாட்ஸே பக்கம் ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். முழுப்பெயர் காகாபேர், செல்லமாகக் காகா. மிலானுக்குப் பிரேசிலிலிருந்து இன்னொரு காகா வந்து சேர்ந்ததும், எங்கள் நண்பர் கூட்டத்தில் 'முன்னால ஒரு காக்கா, பின்னால ஒரு காக்கா' என்று ஓட்டுவோம்.

1978-இல் மேற்கு ஜார்ஜியாவின் சம்த்ரெதியாவில் பிறந்தார். அப்பாவும் கால்பந்து ஆடியவர். பையன் தலைநகர் திபிலிசியின் டைனமோ அணியில் ஆடத் தொடங்கியது 1990-களில். சோவியத் லீக்கை விட்டு 1990-லேயே விலகிய ஜார்ஜியா தனி லீக் நடத்திக்கொண்டிருந்தது. டைனமோ வருஷா வருஷம் சாம்பியன், போட்டிக்கு ஆள் இல்லை. வெளியே உள்நாட்டுச் சண்டை, குளிர்காலத்திலும் மின்வெட்டு. கால் நன்றாக ஓடுகிறவர்கள் எல்லாம் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். கின்க்லாட்ஸே மான்செஸ்டர் சிட்டிக்கு, ஷோட்டா அர்வெலாட்ஸே துருக்கி வழியாக அயாக்ஸுக்கு. இவர்கள் முன்வரிசையில் மாயம் காட்டுகிறவர்கள். ஒரு ஜார்ஜிய பேக்குக்கு (பின்வரிசை ஆட்டக்காரருக்கு) ஐரோப்பாவின் பெரிய கிளப் பெரிய தொகை கொடுக்கும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1998-இல் கலாட்ஸேவைக் கீவுக்குக் கூட்டிப்போனது உக்ரைனின் டைனமோ கீவ் அணி. பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி, ஓட்டம் ஓட்டம் என்று உயிரை வாங்குவதற்குப் பேர்போனவர். ஷெவ்சென்கோ, ரெப்ரோவ் என்ற கோல் போடும் ஜோடி இருந்த அந்த அணி 1999-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போய் பேயர்ன் மூனிக்கிடம் தோற்றது. அந்த வருஷமே ஷெவ்சென்கோ மிலானுக்குப் போனார். 2001 ஜனவரியில் கலாட்ஸேவும் அங்கேயே. விலை சுமார் 1.6 கோடி யூரோ.

அங்கே போய்ப் பார்த்தால் பின்வரிசையில் மால்டினி, கொஸ்டகுர்டா. அடுத்த வருஷம் நெஸ்டாவும் வந்தார். அந்த வரிசையில் ஒருவருக்கு இடம் கிடைப்பதே பெரிய காரியம். இவர் இடது பேக் ஆடுவார், நடுவில் ஸ்டாப்பர் ஆடுவார், ஆள் இல்லையென்றால் மிட்ஃபீல்டிலும் நிற்பார். இப்படிப்பட்டவர்களை எந்தக் கோச்சும் கைவிட மாட்டார். ஆனால் சட்டையில் அவர்கள் பெயரை எழுதிப் போட்டுக்கொண்டு திரிகிற ரசிகனை நான் பார்த்ததில்லை.

மிலானுக்கு வந்து சில மாதங்கள்தான். 2001 மே மாதம் திபிலிசியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவர் தம்பியைக் கடத்திவிட்டார்கள். பணம் கேட்டார்கள். தம்பி திரும்பவே இல்லை. 2006-இல்தான் கிடைத்த உடல் அவருடையது என்று உறுதியானது. நடுவில் ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷமும் இவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், புதன்கிழமை ஆட்டம் என்று ஆடிக்கொண்டிருந்தார். 2003 கோப்பை, 2004 இத்தாலி லீக் பட்டம், எல்லாம் அந்த ஐந்து வருஷத்துக்குள் வருகிறவைதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவருடைய பழைய ஆட்டங்களை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

சரி, 2003-க்கு வருகிறேன். மே 28, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு, எதிரே இன்னொரு இத்தாலி அணி யுவென்டஸ். நமக்கு நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டேகாலுக்கு ஆரம்பம். அம்மா எழுந்துவிடக் கூடாது என்று டிவி சத்தத்தை ஒன்றில் வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு பக்கமும் கோல் இல்லை, கூடுதல் நேரத்திலும் இல்லை. மிலானின் மூன்று மாற்று ஆட்டக்காரர்களும் உள்ளே வந்தாயிற்று. அதில் ஒருவரான ரோக் ஜூனியர் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தார், மாற்ற ஆள் இல்லை. பிர்லோவும் ரூயி கோஸ்டாவும் முன்னமே வெளியே போய்விட்டார்கள். பெனால்டிக்கு ஆள் தேட வேண்டிய நிலை. மூன்றாவதாக அடிக்க நடந்து வந்தவர் நம் இடது பேக் கலாட்ஸே.

அடித்தார். யுவென்டஸ் கோல்கீப்பர் புஃபோன் தடுத்துவிட்டார்.

இன்னொரு நாளாக இருந்திருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். அன்று மிலான் கோல்கீப்பர் டிடா மூன்றைத் தடுத்தார். நெஸ்டா போட்டார், கடைசியில் ஷெவ்சென்கோ போட்டார், 3-2. பெனால்டியைத் தவறவிட்டவர் கழுத்தில் தங்கப் பதக்கம், சாம்பியன்ஸ் லீக்கை வென்ற முதல் ஜார்ஜியர் என்ற பெயரும் கூடவே.

2005-இல் இஸ்தான்புல்லில் லிவர்பூலுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மிலான் 3-0 முன்னிலையைக் கோட்டைவிட்டுத் தோற்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாவம் இவர் தலையில் விழவில்லை. 2007 ஏதென்ஸில் அதே லிவர்பூலுக்கு எதிராகக் கடைசிப் பத்து நிமிடம் உள்ளே வந்தார், மிலான் 2-1 என்று ஜெயித்தது. ஒரு இறுதி ஆட்டத்தில் 120 நிமிடம், ஒன்றில் பெஞ்ச், ஒன்றில் பத்து நிமிடம். மிலானில் அவர் இருந்த பத்து வருஷத்தின் சாயல் இந்த மூன்றிலேயே வந்துவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் அவர் பெயரைத் தேடினால் எனக்கு முதலில் வந்து நிற்பது வேறொரு வீடியோ. 2009 செப்டம்பர் 5, திபிலிசி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. எதிரணி இத்தாலி, அதாவது இவர் சம்பளம் வாங்குகிற நாடு, உலகச் சாம்பியன் வேறு. ஒரு மணி நேரம் ஆகப்போகிறது, இன்னும் 0-0. சொந்த ஊர்க் கூட்டம் நம்பிக்கையோடு கத்திக்கொண்டிருக்கிறது. கோல் முன்னே வந்த பந்தை விலக்கப்போய் இவரே உள்ளே போட்டுவிட்டார், சேம் சைடு கோல். சரி, யாருக்கும் நடப்பதுதான். சுமார் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒன்று, அதுவும் இவர் காலில் பட்டே உள்ளே போனது. ஆட்டம் 2-0. இத்தாலிக்காரர்கள் ஒருவர்கூட கோல் போடவில்லை, ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

சேம் சைடு கோல் போட்டவனுக்குத்தான் அந்தக் கனம் தெரியும். நான் ஒன்று போட்டிருக்கிறேன், பார்க்க இருபது பேர்கூட இல்லாத ஆட்டத்தில். அன்று பைக்கை எடுக்க மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனேன், யார் கண்ணிலும் படாமல் இருக்க. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஆபத்தான இடத்தில் நிற்கிறவன் காலில்தான் அந்தப் பந்து படும். ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தால் கோல் வேறு யார் பெயரிலாவது போயிருக்கும்.

நாட்டுக்காக 80-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர், அவர் காலத்தில் ஜார்ஜியா எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெறவில்லை. 2024 யூரோவில் போர்ச்சுகலை 2-0 என்று வீழ்த்தியது அடுத்த தலைமுறை. கலாட்ஸே 2010-இல் மிலானை விட்டு இன்னொரு இத்தாலி அணியான ஜெனோவாவுக்குப் போனார், 2012-இல் ஓய்வு. அதே வருஷம் ஜார்ஜியாவில் அமைச்சர் ஆனார், அதுவும் எரிசக்தித் துறைக்கு! இருட்டில் கிடந்த ஊரில் பந்து பழகிய பையன் கையில் மின்சாரத்தைக் கொடுத்தார்கள். 2017 முதல் திபிலிசி மேயர். அங்கே அவரைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, திட்டுகிறவர்களும் நிறைய. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை, எனக்கு வேண்டியது அந்த 4-ஆம் எண் சட்டை மட்டும்தான்.

அவர் ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அந்த 2009 வீடியோவை விடுங்கள். 2003 இறுதி ஆட்டம் முழுசாகக் கிடைத்தால் பாருங்கள். நடுநடுவே தூக்கம் வரும், பரவாயில்லை. மிலானின் இடது ஓரத்தை மட்டும் கவனியுங்கள். அந்தப் பக்கம் முதலில் கமோரனேசி, இடைவேளைக்குப் பிறகு கோன்டே என்று யுவென்டஸ் ஆள் மாற்றிப் பார்த்தது. அங்கே நிற்கிறவர் பந்தைவிட எதிராளியின் இடுப்பைத்தான் அதிகம் பார்ப்பார். 120-ஆவது நிமிடம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.