பாய்மரப் படகில் நீண்ட பயணம் கிளம்புகிறோம். போட் கார்டு அடித்து வைத்துக்கொண்டால் நண்பர்கள் கிடைப்பார்களா? வாட்ஸ்அப் இருக்கும்போது அது எதற்கு?

கண்டிப்பாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டைக் கொடுத்ததால் மட்டும் யாரும் நண்பராகிவிட மாட்டார்கள், ஆனால் கிடைத்த நட்பு கைவிட்டுப் போகாமல் இருக்க அதைப் போல உதவுவது வேறில்லை. கேள்விப்படாதவர்களுக்கு: விசிட்டிங் கார்டு அளவுதான், வேலையும் பதவியும் இருக்கும் இடத்தில் படகின் பெயர், படகில் இருப்பவர்களின் பெயர், படகின் படம், ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும்.

ஒருமுறை பார்த்தவரைத் திரும்ப எங்கே பார்க்கப்போகிறோம் என்று புதிதாகக் கிளம்புகிறவர்கள் நினைப்பார்கள். கடலில் அப்படி இல்லை. எங்கே எப்போது போவது என்பதைக் காற்றும் புயல் பருவமும்தான் முடிவு செய்கின்றன. அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம், தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதனால் கரீபியனிலிருந்து பனாமா கால்வாய் தாண்டி, மார்க்கெசஸ், டஹிட்டி, டோங்கா என்று தென் பசிபிக் தீவுகள் வழியாகப் போய், புயல் காலத்துக்கு முன்னால் நியூசிலாந்தில் ஒதுங்குவது என்று ஏராளமான படகுகள் ஏறக்குறைய ஒரே வழியில் ஒரே மாதங்களில் நகர்கின்றன. பனாமாவில் பேசிக்கொண்டிருந்தவர் டோங்காவில் உங்களுக்குப் பக்கத்திலேயே நங்கூரம் போடுவார். பனாமா கால்வாயைக் கடக்க ஒவ்வொரு சிறு படகிலும் ஓட்டுபவர் தவிர கயிறு பிடிக்க நான்கு பேர் வேண்டும். கணவன் மனைவி இரண்டே பேர் இருக்கும் படகுக்கு மற்ற படகுக்காரர்கள்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறார்கள். யாரைக் கேட்கலாம் என்று யோசிக்கும்போது சேர்த்து வைத்த கார்டுகளைத்தான் எடுத்துப் பார்ப்போம்.

படத்தில் கவனம் வையுங்கள். எல்லாரும் பாய் விரித்து ஓடும் படத்தைத்தான் போடுகிறார்கள், அழகுதான், ஆனால் மற்றவர்கள் உங்கள் படகைப் பார்ப்பது பாய் சுருட்டி நங்கூரத்தில் நிற்கும்போது. பக்கவாட்டில் எடுத்த அந்தப் படம்தான் தூரத்திலிருந்தே அடையாளம் காண உதவும். எம்எம்எஸ்ஐ எண்ணையும், அதாவது படகின் ரேடியோவுக்குத் தரப்படும் 9 இலக்க அடையாள எண்ணையும் போடுங்கள். படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவில் டிஎஸ்சி என்ற எண் வைத்து அழைக்கும் வசதி இருந்து, அந்த எண்ணைக் கொடுத்தால், எல்லாரும் கேட்கும் பொதுவான சேனல் 16-இல் பெயர் சொல்லிக் கூவாமல் உங்கள் படகை மட்டும் அழைக்கலாம். வீட்டு முகவரி வேண்டவே வேண்டாம், ஆளில்லாத வீடு என்று ஊருக்கெல்லாம் சொன்னது மாதிரி ஆகிவிடும். நாட்டுக்கு நாடு சிம் மாற்றுகிறவர் என்றால் தொலைபேசி எண்ணும் தேவையில்லை, மின்னஞ்சல் போதும். க்யூஆர் கோடு போடலாம், ஆனால் சிக்னலே இல்லாத விரிகுடாக்கள் நிறைய, எழுத்திலும் இருக்கட்டும்.

பின்பக்கத்தைக் காலியாக, பளபளப்பில்லாத தாளாக விடுங்கள். என்னைக் கேட்டால் கார்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒருவர் கார்டு தந்தால் அன்று ராத்திரியே எங்கே சந்தித்தோம், என்ன பேசினோம், அவர்கள் நாயின் பெயர் என்ன என்று பேனாவால் எழுதிவிடுங்கள். ஒரே மாலையில் நான்கைந்து படகுக்காரர்களைச் சந்தித்தால் மறுநாள் எந்த முகம் எந்தப் படகு என்பது குழம்பிவிடும், வாட்ஸ்அப்பில் சேமித்த வெறும் பெயர் அதற்கு உதவாது. இங்க்ஜெட்டில் அடிக்காதீர்கள், உப்புத் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

அப்புறம், கொடுக்கும் விதம். பார்த்தவுடன் நீட்ட வேண்டாம். டிங்கியில், அதாவது கரைக்குப் போய்வர வைத்திருக்கும் குட்டிப் படகில் போய், அவர்கள் படகை ஒட்டாமல் சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுங்கள். அவர்கள் இப்போதுதான் நங்கூரம் போட்டு முடித்திருந்தால் கொஞ்ச நேரம் விட்டுப் போங்கள். பேசிக் கிளம்பும்போது கார்டைத் தாருங்கள். ஆள் இல்லையென்றால் படகில் ஏறக் கூடாது, சொல்லாமல் ஏறுவது பெரிய அவமரியாதை. "மாலையில் எங்கள் படகுக்கு வாருங்கள்" என்று கார்டின் பின்னால் எழுதி, சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிங்கியில் இருந்தபடியே ஓரக் கம்பியில் கட்டிவிட்டு வரலாம்.

குழந்தைகள் இருந்தால் அவர்கள் வயதைக் கையால் எழுதிக் கொடுங்கள். மற்ற குடும்பங்கள் முதலில் தேடுவது அதைத்தான், அடுத்து எங்கே போவது என்பதையே அதை வைத்து மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு.