ஊர்ப்பெயர் தரவை டெபியன் லினக்ஸில் பேக்கேஜ் செய்வது பற்றி

ஜியோநேம்ஸ் என்ற உலக ஊர்ப்பெயர்த் தொகுப்பின் தரவை உங்கள் நிரலின் பேக்கேஜுக்குள்ளேயே (நிரலை நிறுவ இறக்கும் கோப்புத் தொகுப்பு) வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், தனி பேக்கேஜாகவே போடுங்கள். இல்லாவிட்டால் நிரலில் ஒரு வரி திருத்தினாலும் மொத்தத் தரவையும் எல்லோரும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். எந்த வகைக் கணினிக்கு என்பதைச் சொல்லும் ஆர்க்கிடெக்சர் வரியில் 'ஆல்' என்று குறித்து, கோப்புகளை யுஎஸ்ஆர்/ஷேர் கோப்புறையின் கீழே வையுங்கள், எல்லா வகைக் கணினிக்கும் ஒரே பேக்கேஜ் போதும்.

தரவின் உரிமம் சிசி-பை 4.0, அதாவது மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், அதனால் சிக்கல் இல்லை. அதுவே வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் 'என்சி' வகையாக இருந்தால் டெபியனின் முதன்மைக் களஞ்சியமான மெயினில் சேர்க்கவே மாட்டார்கள். மூலத்துக்கு நன்றி சொல்லும் வரியைக் காப்பிரைட் கோப்பில் மறக்காமல் எழுதுங்கள், அவர்கள் முக்கியமாகக் கேட்பது அதைத்தான்.

அப்புறம், ஜியோநேம்ஸ் தளத்தில் கோப்பு தினமும் மாறும், பெயரோ மாறாது. எடுத்த தேதியையே பதிப்பு எண்ணாக 0~20240115 மாதிரி வையுங்கள், முன்னால் 0~ இருப்பதால் நாளை அவர்களே 1.0 என்று வெளியிட்டாலும் அது புதியதாகவே கணக்காகும்.