27 வயதில் எச்பிஏ1சி 5.9 என வந்துள்ளது. எடையைக் குறைத்தால் போதுமா?

உங்கள் கேள்வியில் தந்திருக்கும் விவரங்கள் இவை: வயது 27, ஆண், உயரம் 170 செ.மீ., எடை 72 கிலோ, இடுப்பளவு 94 செ.மீ., நாள் முழுவதும் கணினி முன் வேலை. இரத்தச் சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். இடுப்பளவையும் தசையையும் முதலில் கவனியுங்கள் என்பதே என் பதில்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை எண் (பிஎம்ஐ) உங்களுக்கு 24.9. ஐரோப்பியர்களுக்கான அளவுகோலில் இது இயல்பானது. இந்தியர்களுக்கோ 23 என்பதே வரம்பு, ஆண்களின் இடுப்பளவுக்கு 90 செ.மீ. இந்த வேறுபாட்டின் காரணத்தை, புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் உடல்களையே சான்றாக வைத்து விளக்கினார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3 தான்; ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். நம்மில் பலர் பார்வைக்கு ஒல்லியாக இருந்தும், தசை குறைந்து வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தவர்களாக இருக்கிறோம். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை ஏற்க வேண்டியது தசை. அது குறைவாகவும் அசைவின்றியும் இருந்தால், மிஞ்சும் சர்க்கரையில் ஒரு பகுதி கல்லீரலில் கொழுப்பாக மாறுகிறது.

ஆகவே பட்டினி கிடந்து வேகமாக எடை குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 நடுத்தர வயதினரைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் முக்கியமானது. உணவையும் உடலுழைப்பையும் மட்டும் மாற்றிக்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதுதான் எனக்குப் பெரும் நம்பிக்கை தந்த செய்தி. எடை இயந்திரத்தின் முள் நகராத வாரங்களிலும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருக்கலாம்.

என் தந்தைக்கும் அத்தைக்கும் சர்க்கரை நோய் உண்டு. இருபதுகளின் இறுதியில் எனக்கும் உங்களுடையதைப் போன்ற எண்ணே வந்தது. நான் சோற்றை விடவில்லை. சோற்றின் அளவைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியல், கீரை, கெட்டிப் பருப்பு, முட்டை அல்லது மீன் என்று தட்டை நிரப்பினேன். காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், தேநீரில் சர்க்கரை இல்லை. இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்து, உடனே தெருவில் பதினைந்து நிமிடம் நடக்கிறேன். வீட்டில் இதற்குச் சம்மதம் பெறுவதுதான் கடினமாக இருந்தது. குறைவாக உண்பதை நம் அம்மாக்கள் எளிதில் ஏற்பதில்லை, அவர்களிடம் பரிசோதனை முடிவைக் காட்டிப் பொறுமையாகப் பேசுங்கள்.

நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தண்டால், பஸ்கி, எடை தூக்குதல் என்று தசைக்கு வேலை கொடுங்கள், ஜிம் கட்டாயமில்லை. உறக்கத்தையும் ஏழு மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள், உறக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும்.

எனக்கு எடை சிறிதளவே குறைந்தது. இடுப்புச் சுற்றளவு தெளிவாகக் குறைந்து, எச்பிஏ1சி 5.5க்கு வந்தது. இந்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், அதற்கு முன் மீண்டும் எடுத்துப் பயனில்லை. அப்போது ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பையும் கல்லீரலையும் சேர்த்துப் பாருங்கள். இடையில் மிகுந்த தாகமோ, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பதோ, முயற்சியின்றி எடை குறைவதோ தென்பட்டால் மூன்று மாதம் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.