க்ரூஸ் கண்ட்ரோலில் ஓடும் ஆட்டோமேட்டிக் காரில் கியரை மாற்றுவது எது?

திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் க்ரூஸ் கண்ட்ரோல் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே, வைத்த வேகத்தைக் காக்கும் வசதி) வைத்துச் செல்லும்போது, மேம்பாலம் ஏறுகையில் எஞ்சின் சத்தம் திடீரென உயர்வது பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை.

க்ரூஸ் கண்ட்ரோல் நேரடியாகக் கவனிப்பது வேகத்தை மட்டுமே. சக்கரங்களின் வேகத்தை உணரும் சென்சார் தரும் அளவை, நீங்கள் வைத்த வேகத்தோடு எஞ்சின் கணினி இடைவிடாமல் ஒப்பிட்டு, குறைந்தால் எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலைச் சற்றே திறக்கிறது, மிஞ்சினால் மூடுகிறது. கியரைத் தீர்மானிப்பது கியர்பெட்டியின் கணினி. ஏற்றத்தில் த்ராட்டில் வெகுவாகத் திறந்தும் வேகம் குறைந்தால், அது டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சினின் சுழற்சியைத் திரவம் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் பாகம்) பூட்டை, அதாவது இரண்டையும் நேரடியாகப் பிணைக்கும் பிடியை, விடுவிக்கும். அதுவும் போதாதபோது ஒரு கியர் இறக்கும். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் மேலேற, வேகமுள் அசையாமல் நிற்பதை அப்போது பார்க்கலாம். டெல்டாவின் சமதளத்தில் பெரும்பாலும் மேல்கியரிலேயே வண்டி ஓடுவதால்தான் இந்த மாற்றம் உங்களுக்குப் புதிதாகத் தோன்றுகிறது.

இறக்கத்தில் சாதாரண க்ரூஸ் கண்ட்ரோல் பல கார்களில் பிரேக் பிடிக்காது, வேகம் கூடிவிடும். பிரேக்கைத் தொட்டால் அது விடுபடும், வண்டி டிரைவ் (D) நிலையிலேயே தொடரும்.

அறுவடைக் காலத்தில் நெல் காயும் ஊர்ச்சாலைகளிலும், ஐப்பசி மழையில் நீர் தேங்கிய பாதைகளிலும் தயவுசெய்து இதைப் பயன்படுத்தாதீர்கள். டயர் வழுக்குவதை உணர்ந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும் ஓட்டுநரின் பக்குவம் சாதாரண க்ரூஸ் கண்ட்ரோலுக்குக் கிடையாது.