பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம்

கேள்வி: மெய்நிகர் கணினியின் வட்டை நகலெடுக்கத் தொடங்கியதுமே, 'முடிந்தது 0, மொத்தம் 0' என்று அதை இயக்கும் மென்பொருளான கியூஇஎம்யூ (QEMU) காட்டுகிறது. இரண்டும் சமம் என்பதால், நகல் தயார் என்று என் ஸ்கிரிப்ட் முடிவுகட்டிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஸ்கிரிப்டை நிறுத்துங்கள், ஐயா. அரைகுறை நகலை நம்பி மூல வட்டை அழித்துவிட்டால் மீட்பது பெரும்பாடு. வேலை உண்மையில் தொடங்காதபோதும் 0/0தான் வரும். காலி வட்டின் நகல் முடிந்தபோதும் அதேதான். எனவே எண்களை மட்டும் ஒப்பிடாதீர்கள். கூடவே வரும், நகல் தயாரா இல்லையா என்று சொல்லும் 'ரெடி' (ready) என்ற விவரத்தைப் பாருங்கள். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருளான லிப்விர்ட் (libvirt) அதைத்தான் செய்கிறது: 0/0 வந்தால், ரெடி இல்லையெனில் 0/1 என்றும் ரெடியானால் 1/1 என்றும் மாற்றித் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. சதவீதம் கணக்கிடுகையில் பூஜ்ஜியத்தால் வகுக்கும் தொல்லையும் இதில் இல்லை.